மூன்றாம் வகுப்பில் நீர்ச் சுழற்சி: "மண் குடித்துவிட்டது" என்று சொல்லும் குழந்தைக்கு எதைச் செய்துகாட்டுவது?

கேள்வி
கண்மாய்க்கரை ஆசிரியை (இராமநாதபுரம் மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் ஒரே அறையில் வைத்து நடத்தி வருகிறேன். இரண்டிலுமாக 19 குழந்தைகள் இருக்கிறார்கள். சென்ற வாரம் நீர்ச் சுழற்சியைத் தொடங்கினேன். கடல், சூரியன், மேகம், மலை, ஆறு என்று வட்டமாக அம்புக்குறி போட்ட படத்தைச் சுவரில் ஒட்டி, கதையாகச் சொல்லி, பாட்டாகவும் பாட வைத்தேன். மூன்றே நாளில் "ஆவியாதல், குளிர்தல், மழைப்பொழிவு" என்று எல்லாரும் ஒப்பித்தார்கள். எனக்கும் நிறைவாக இருந்தது.

மறுநாள் குழாயடியில் தேங்கியிருந்த தண்ணீர் மதிய உணவு முடிவதற்குள் காய்ந்துவிட்டது. அது எங்கே போனது என்று கேட்டேன். "மண் குடித்துவிட்டது" என்று பாதிப் பேரும், "சூரியன் குடித்துவிட்டது" என்று சிலரும் சொன்னார்கள். முதல் நாள் ஒப்பித்த ஆவியாதல் என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. மேகம் கடலில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே போகிறது என்று ஒரு சிறுமி உறுதியாகச் சொன்னாள். அவளுடைய அப்பத்தா சொன்னதாம். இன்னொரு சிறுவன் கேட்ட கேள்விதான் என்னை இங்கே எழுத வைத்தது. "டீச்சர், நம்ம கண்மாய்த் தண்ணி கடலுக்கே போகலையே, அப்புறம் எப்படி மேகமாச்சு?" என்றான். படத்தில் ஆறு கடலில் கலக்கிறது. எங்கள் கண்மாயோ தை மாதம் நிறைந்து நின்று, ஆனியில் தரை வெடித்துக் கிடக்கிறது. அவன் கண்ணால் கண்டதற்கும் சுவரில் நான் ஒட்டியதற்கும் தொடர்பே இல்லை.

செயல்பாடுகளாக இரண்டைச் செய்து பார்த்தேன். நெகிழிப் பையில் நீல மை கலந்த நீரை ஊற்றிச் சன்னலில் ஒட்டும் செயல்பாடு முதலாவது. எங்கள் சன்னல்களில் கண்ணாடி கிடையாது, கம்பிகள்தான். சுவரில் ஒட்டினேன், வெயில் படவில்லை. மாலையில் பையின் உட்புறம் சில துளிகள் தென்பட்டபோது, "ஊத்துறப்பவே தெறிச்சதுதானே டீச்சர்" என்றார்கள். இரண்டாவதாக எவர்சில்வர் டம்ளரில் பனிக்கட்டி போட்டு வெளிப்புறத்தில் நீர் கோப்பதைக் காட்டினேன். "டம்ளர் ஒழுகுது" என்பதே பெரும்பாலோரின் முடிவாக இருந்தது.

ஐப்பசியில் மழை தொடங்குவதற்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. ஏழு, எட்டு வயதுக் குழந்தைகள் தாங்களே செய்து, தாங்களே ஒரு முடிவுக்கு வரும்படியான செயல்பாடுகளை எந்த வரிசையில் அமைக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். பொருள்கள் ஊரில் கிடைப்பவையாக இருந்தால் நல்லது.


மறுமொழி 1
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் (சிவகங்கை மாவட்டம்)

அன்புள்ள ஆசிரியைக்கு வணக்கம். உங்கள் குழந்தைகள் சொன்ன விடைகளில் எதையும் தவறு என்று ஒதுக்கிவிடாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். மண் குடிப்பதும் உண்மைதான். அதுதான் கிணற்றில் ஊறுகிறது. சூரியன் குடிப்பதாகச் சொல்வதிலும் வெப்பத்துக்குப் பங்கு உண்டு என்ற உணர்வு இருக்கிறது. அந்தச் சிறுவன் கேட்டது, படம் வரைந்தவரே யோசித்திருக்க வேண்டிய கேள்வி. வைகையே பெரும்பாலான ஆண்டுகளில் கடலைத் தொடுவதில்லை. இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு அதன் ஓட்டம் முடிந்துவிடுகிறது. ஆகவே கடலில் தொடங்கும் படத்தைச் சில வாரங்கள் சுருட்டி வைத்துவிட்டுக் கண்மாயிலிருந்து தொடங்குங்கள்.

அதற்கும் முன்னால் சொல்லைச் சரிசெய்ய வேண்டும். "ஆவி" என்றதும் நம் குழந்தைக்கு நினைவுக்கு வருபவை இரண்டு: இட்லிக் கொப்பரையைத் திறந்தால் வெள்ளையாகப் புகைந்து வருவது ஒன்று, இரவில் பயமுறுத்துவதற்குச் சொல்லும் பேய்க்கதை மற்றொன்று. அடுப்பு இல்லாத இடத்தில் ஆவி எப்படி வரும் என்று அது நினைப்பது இயல்பே. போதாக்குறைக்கு, நாம் கண்ணால் காணும் அந்த வெள்ளைப் புகை உண்மையில் நீராவியே அன்று. நீராவி கண்ணுக்குத் தெரியாது, வெளிக்காற்றில் குளிர்ந்து நுண்ணிய நீர்த்துளிகளாக மாறிய பிறகே வெள்ளையாகத் தெரிகிறது. பல ஆண்டுகள் இதை நானே பிழையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

எனவே குழந்தைகளிடம் ஏற்கெனவே இருக்கும் வினைச்சொற்களிலிருந்து தொடங்கினேன். துணி காய்கிறது, குளம் வற்றுகிறது, குழம்பு சுண்டுகிறது, தலைமுடி உலர்கிறது. இந்த நான்கையும் கரும்பலகையில் எழுதி, "நான்கிலும் எது காணாமல் போகிறது?" என்று கேட்டால் "தண்ணீர்" என்று உடனே சொல்லிவிடுவார்கள். நான்கும் ஒரே செயல் என்ற எண்ணம் குழந்தைக்குள் விழுந்த பிறகுதான் ஆவியாதல் என்ற பாடநூல் சொல்லை நான் உச்சரிப்பேன். இதற்கு ஒரு முழு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

பிறகு "மண் குடித்தது" என்பதைச் சோதனையாக மாற்றுங்கள். சிமெண்டுத் தரையில் ஒரு குவளை நீரை ஊற்றி, விளிம்பைச் சாக்கட்டியால் வரைந்து, அரைமணிக்கு ஒருமுறை புதிய விளிம்பை வரையச் சொல்லுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாகக் கோடுகள் சுருங்கி வருவதைக் குழந்தைகள் மிகவும் விரும்புவார்கள். "சிமெண்டும் குடிக்கும்" என்று ஒருவர் சொல்வார். அப்போது இரண்டு எவர்சில்வர் தட்டுகளைக் கொடுங்கள். எவர்சில்வர் குடிக்காது என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். இரண்டிலும் ஒரே அளவு நீர் ஊற்றி, ஒன்றின் மேல் மூன்றாவது தட்டு ஒன்றைக் கவிழ்த்து மூடிவிட்டு, இரண்டையும் வெயிலில் வையுங்கள். வைப்பதற்கு முன்பே எந்தத் தட்டு முதலில் காயும் என்று ஒவ்வொருவரும் புளியங்கொட்டையால் வாக்களிக்கட்டும். திறந்த தட்டு காய்ந்து, மூடிய தட்டின் உட்புறம் துளிகள் தொங்குவதைத் தாங்களே தூக்கிப் பார்க்கும்போது, தண்ணீர் மேல்நோக்கிப் போனது என்பதை நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.

ஓர் எச்சரிக்கை. திறந்த தட்டின் மேல் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டுங்கள். இல்லாவிட்டால் காகம் வந்து குடித்துவிடும். அதன் பிறகு என்ன விளக்கினாலும் "காக்கா குடிச்சிருச்சு" என்பதே நிற்கும்.


மறுமொழி 2
மாலைநேர அறிவியல் வகுப்பு நடத்துபவர் (மதுரை)

ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஒழுகும் டம்ளரைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் நீர்ச் சுழற்சியிலேயே குழந்தைகளுக்கு மிகக் கடினமான இடம் அதுதான். காய்வதைக் கண்ணால் பார்க்கலாம். காற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நீர் இருக்கிறது என்பதை நம்புவதற்குக் குழந்தைக்கு எந்தச் சான்றும் இல்லை. அந்தச் சான்றைத் தருவது டம்ளர் மட்டுமே.

பனிக்கட்டி போட்ட டம்ளரில் பீட்ரூட் சாற்றை நன்றாகச் சிவக்கும் அளவுக்குக் கலந்து, மேலே ஒரு மூடியும் போடுங்கள். பக்கத்தில் அதே சாறு கலந்த, பனிக்கட்டி இல்லாத இன்னொரு டம்ளரையும் வையுங்கள். பத்து நிமிடத்தில் குளிர்ந்த டம்ளரின் வெளியே நீர் கோத்துவிடும். இப்போது ஒரு குழந்தையை அழைத்து வெள்ளைத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். துணி நனையும், சிவக்காது. உள்ளிருந்து ஒழுகியிருந்தால் சிவப்பாக அல்லவா வந்திருக்க வேண்டும் என்று குழந்தைகளே பேசத் தொடங்குவார்கள். அப்போது நீங்கள் எதையும் சொல்லாமல் பொறுமையாக இருப்பது முக்கியம்.

அப்படியும் நம்பாதவர்களுக்குத் தராசு உதவும். டம்ளரை நன்றாகத் துடைத்து எடை போட்டு, அரைமணி கழித்துத் துடைக்காமல் மீண்டும் எடை போடுங்கள். ஒழுகியிருந்தாலும் நீர் டம்ளரின் மேலேயே ஒட்டியிருப்பதால் எடை மாறக் கூடாது. உண்மையிலோ சில கிராம் கூடியிருக்கும். கூடிய எடை வெளியிலிருந்து வந்ததுதான். ஒரு கிராம் காட்டும் எண்முறைத் தராசு மளிகைக் கடைகளில் இருக்கிறது. அரைமணி நேரம் கேட்டு வாங்கலாம். உங்கள் ஊர் கடலை ஒட்டியது, காற்றில் ஈரம் மிகுதி, ஆகவே சோதனை நன்றாகவே வரும்.

நெகிழிப் பைச் செயல்பாட்டை நான் கைவிட்டுவிட்டேன். மூடிய பைக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பதால் எது எங்கிருந்து வந்தது என்று குழந்தையால் பிரித்தறிய முடிவதில்லை. அதற்கு மாற்றாக உப்புநீர்ச் செயல்பாடு ஒன்றைச் செய்கிறேன். அகலமான தாம்பாளம் அல்லது பேசினில் குடிநீரை ஊற்றி, லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் சமையல் உப்பைக் கரைக்க வேண்டும். கடல்நீரின் உப்பு அளவும் கிட்டத்தட்ட அதுதான். குழந்தைகள் விரல் நுனியால் தொட்டுச் சுவை பார்க்கட்டும். நடுவில் கழுவிய சிறு கிண்ணம் ஒன்றை வைத்து, பேசினின் வாயைத் தெளிவான நெகிழித் தாளால் இறுக மூடி, கிண்ணத்துக்கு நேர் மேலே தாளின் நடுவில் ஒரு சிறு கல்லை வைத்துப் பள்ளமாக்கி, காலை முதல் மாலை வரை நல்ல வெயிலில் விட்டுவிடுங்கள். தாளின் அடியில் துளிகள் கோத்து, பள்ளத்தை நோக்கி வழிந்து, கிண்ணத்தில் சொட்டும். கிண்ணத்து நீர் உப்புக் கரிக்காது. இவ்வளவு உப்பான கடலிலிருந்து வந்த மழை ஏன் உப்பாக இல்லை என்பதை உங்கள் பகுதிக் குழந்தைக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. உப்பளத்தில் வேலை செய்யும் பெற்றோர் இருந்தால் அவர்களையே வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள். பாத்தியில் எஞ்சுவது உப்பு, போனது நீர் என்பதை நாள்தோறும் பார்ப்பவர்கள் அவர்கள்.

சவரக்குழம்பு நுரையை மேகமாக வைத்து, மேலே வண்ண நீரைச் சொட்ட விடும் செயல்பாடு ஒன்று எங்கும் பரவியிருக்கிறது. பார்க்க அழகாக இருந்தாலும் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மேகம் என்பது நீரை ஏந்தி நிற்கும் பஞ்சுப் பை, கனம் தாங்காமல் கிழிந்துவிடுகிறது என்ற தவறான எண்ணத்தை அது ஆழமாகப் பதிக்கிறது. மேகம் முழுவதுமே நுண்ணிய துளிகள்தாம். ஒரு மழைத்துளி உருவாக ஏறத்தாழ பத்து லட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும். இதைக் காட்டச் சேப்பங்கிழங்கு இலை ஒன்று போதும். இலையின் மேல் நீரைச் சிறு துளிகளாகத் தெளித்து மெல்லச் சாய்த்தால், துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, கனத்ததும் உருண்டு கீழே விழும்.


மறுமொழி 3
மழலையர் வகுப்பு ஆசிரியை (கோவை)

என் அனுபவம் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளோடு என்பதால் சிறிதாகவே சொல்கிறேன். அவர்களுக்குத் துணி துவைப்பதுதான் சிறந்த செயல்பாடு. கைக்குட்டைகளை நனைத்துப் பிழிந்து, ஒன்றை வெயிலிலும், ஒன்றை நிழலிலும், ஒன்றைச் சுருட்டியபடியும் வைக்கிறோம். எது முதலில் காய்ந்தது என்பதைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்து முடிவு செய்கிறார்கள். வெயில் மட்டுமன்றிக் காற்றும், விரித்துப் போடுவதும் காரணம் என்பது இந்த வயதிலேயே புரிந்துவிடுகிறது.

கொதிநீரைக் கொண்டு எதையும் குழந்தைகளைச் செய்ய விடாதீர்கள். இட்லிக் கொப்பரையின் மூடியைக் காட்ட விரும்பினால், வீட்டில் அம்மா திறக்கும்போது எட்டி நின்று பார்த்து வந்து வரையச் சொன்னால் போதும். ஆவிச் சூடு கொதிநீரைவிட மோசமாகப் புண்ணாக்கும்.


மறுமொழி 4
கண்மாய்க்கரை ஆசிரியை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரம் செய்துபார்த்துவிட்டு எழுதுகிறேன்.

தட்டுச் சோதனையில் வாக்கெடுப்பு நடத்தினேன். மூடிய தட்டில் வெப்பம் அடைபடுவதால் அதுதான் முதலில் காயும் என்று 11 குழந்தைகள் வாக்களித்திருந்தார்கள். முடிவைப் பார்த்ததும் அவர்கள் ஏமாற்றமடையவில்லை. மூடிய தட்டை மறுபடியும் மறுபடியும் தூக்கிப் பார்த்தார்கள். "ஓட்டையத் தேடி மேலே போயிருக்கு, வழி இல்லாம அங்கேயே ஒட்டிக்கிச்சு" என்று ஒரு சிறுமி சொன்னாள். மேகம் கடலில் இறங்கிக் குடிக்கிறது என்று சொன்ன அதே சிறுமிதான். அவளுடைய சொற்களை அப்படியே கரும்பலகையில் எழுதி வைத்திருக்கிறேன்.

டம்ளர் முதல் நாள் எதிர்பார்த்தபடி அமையவில்லை. நான் பீட்ரூட் சாற்றை ஊற்றும்போது சிறிது வெளியே சிந்திவிட்டதால் துணியில் சிவப்பு ஏறிவிட்டது; "பாத்தீங்களா, ஒழுகுது" என்று கூச்சல். மறுநாள் கழுவித் துடைத்த டம்ளரில் புனல் வைத்து ஊற்றினேன், சரியாக வந்தது. தராசில் 4 கிராம் கூடியதை ஒவ்வொருவராக வந்து படித்தார்கள். அன்று முதல் "டம்ளர் ஒழுகுது" என்று சொல்வதை நிறுத்திவிட்டு, "காத்துல இருந்த தண்ணி வந்து உட்காருது" என்கிறார்கள்.

இப்போது கண்மாய்ச் சிறுவனின் கேள்விக்கு வருகிறேன். கண்மாயிலிருந்தே நீர் நேராக மேலே போகிறது என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் "எல்லாத் தண்ணியும் மேலேயா போச்சு? எங்க வயலுக்குப் பாஞ்சது, கிணத்துல ஊறுனது?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கிறான். மண்ணுக்குள் போவதையும் பயிர் குடிப்பதையும் எப்படிக் காட்டலாம்? நீர் ஒரே வட்டத்தில் சுற்றுவதில்லை என்பதை விளையாட்டாக ஆக்க முடியுமா?


மறுமொழி 5
வேளாண் துறை அலுவலர் (தஞ்சாவூர்)

அந்தச் சிறுவன் கேட்பது நீர்க் கணக்கு. நாங்கள் எழுதிப் பார்ப்பதும் அதைத்தான். இன்றே ஒரு பேசினை வெட்டவெளியில் வைத்து, நீர் ஊற்றி, உள்ளே ஓர் அளவுகோலை நிறுத்தி, மேலே வலை கட்டி, தினமும் காலையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். கோடையில் நம் பகுதித் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் ஆவியாவது இயல்பு. ஒரு மாதத்தில் அது 15 சென்டிமீட்டரைத் தாண்டும். கண்மாய்க் கரையில் நின்று முழங்கை நீளத்தில் பாதியைக் கையால் காட்டி, "ஒரு மாதத்தில் இவ்வளவு வானத்துக்கு" என்று சொன்னால், மீதி வயலுக்கும் கிணற்றுக்கும் போனது என்பதை அவனே பிரித்துக்கொள்வான்.

பயிர் குடித்த நீரும் வானத்துக்கே போகிறது என்பதற்கு, காலை வெயில் படும் செம்பருத்திக் கிளை ஒன்றில் இலைகளோடு சேர்த்துத் தெளிவான நெகிழிப் பையை மாட்டிக் காம்பருகே கட்டுங்கள். இலை ஈரமில்லாமல் இருக்க வேண்டும். அருகில் இலையில்லாத காய்ந்த குச்சி ஒன்றிலும் அதே போல ஒரு பையைக் கட்டுங்கள். மதியத்துக்குள் இலையுள்ள பையின் மூலையில் நீர் சேர்ந்திருக்கும். குச்சியில் கட்டிய பை இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், பையே நீர் விட்டது என்பார்கள்.

மண்ணுக்கு, அடியில் துளையிட்ட மூன்று போத்தல்களில் ஆற்றுமணல், கண்மாய்க் களிமண், சரளை ஆகியவற்றைத் தனித்தனியே நிரப்பி, ஒரே அளவு நீரை ஒரே நேரத்தில் ஊற்றி, அடியில் வந்து சேர்வதை அளக்கச் சொல்லுங்கள். களிமண் மிகவும் தாமதப்படுத்தும். கண்மாய் ஏன் களிமண் தரையில் வெட்டப்பட்டது, கிணறு ஏன் மணற்பாங்கான இடத்தில் விரைவாக ஊறுகிறது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொன்னால் பாடம் வீடுவரை போகும்.

விளையாட்டுக்குத் தாயக்கட்டை போதும். முற்றத்தில் கடல், மேகம், கண்மாய், மண், கிணறு, வேப்பமரம், ஆடு என ஏழு வட்டங்கள் போடுங்கள். ஒவ்வொரு குழந்தையும் ஒரு நீர்த்துளி. நிற்கும் வட்டத்தில் தாயம் உருட்டி, விழும் எண்ணுக்கு ஏற்ப அங்கேயே இருக்கலாம் அல்லது வேறு வட்டத்துக்குப் போகலாம். கடல் வட்டத்தில் பெரும்பாலான எண்களுக்கு "இங்கேயே இரு" என்று எழுதுங்கள். உலகின் நீரில் ஏறத்தாழ 97 விழுக்காடு கடலில்தான் கிடக்கிறது. மேகத்தில் நிற்பவர் விரைவாக வெளியேற வேண்டும், ஏனெனில் காற்றில் ஏறிய நீர் சராசரியாக ஒன்பது, பத்து நாளில் இறங்கிவிடுகிறது. மேகத்திலிருந்து கடலுக்கே திரும்பும் எண்ணும் இருக்கட்டும், மழையின் பெரும்பகுதி கடல்மேலேயே பெய்கிறது. ஒவ்வொரு வட்டத்திலும் வெவ்வேறு நிற மணி ஒன்றை நூலில் கோத்துக்கொண்டு வந்தால், முடிவில் எந்த இருவரின் மாலையும் ஒன்றுபோல் இருக்காது. சுருட்டி வைத்த படத்தை அதன் பிறகு விரித்து, அதில் என்னென்ன விடுபட்டிருக்கின்றன என்று குழந்தைகளைக் கேளுங்கள்.

மழை தொடங்கும் முன் மழைமானி ஒன்றும் செய்துவிடுங்கள். பக்கங்கள் நேராக உள்ள இரண்டு லிட்டர் போத்தலின் கழுத்தை வெட்டி, அதையே புனலாகக் கவிழ்த்து வைத்து, மேடுபள்ளமான அடிப்பகுதியைக் கூழாங்கல்லாலும் நீராலும் நிரப்பி, அந்த மட்டத்தைச் சுழியம் எனக் குறித்து, மேலே மில்லிமீட்டர் தாளை ஒட்டுங்கள். மரத்தடியும் கூரையோரமும் கூடாது. வானிலை ஆய்வு மையம் காலை 8.30 மணிக்கு அளவெடுக்கிறது. உங்கள் பள்ளியும் அதே நேரத்தில் எடுத்தால், செய்தித்தாளில் வரும் இராமநாதபுரத்து மழை அளவோடு மறுநாள் ஒப்பிடலாம். அளவெடுக்கும் பொறுப்பை முதல் வாரம் அந்தச் சிறுவனுக்கும் அந்தச் சிறுமிக்கும் கொடுங்கள். ஐப்பசி முடிந்ததும் ஏட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று இங்கே பதியுங்கள், நானும் தஞ்சாவூர் அளவைத் தருகிறேன்.